கேதக் கத்தியும் மாப்பிள்ளைத் தாடியும்

முரட்டுத் தாடிக்கு எந்தக் கத்தி நல்லது என்று உங்களில் ஒருவர் நம் முடிதிருத்துவோர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டார். ‘கனமான கத்தி’ என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத் தோள் வலி, நிற்க முடியவில்லை. சொன்னது தப்பான பதில் இல்லை. ஆனால் அந்தப் பதிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு முகத்துக்கு முன்னால் போய் நின்றால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

முப்பத்தேழு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் சிரிப்பீர்கள். எனக்கு ஓய்வு கொடுத்தது என் வலது தோள். கையை உயர்த்தி ஒரு முகம் முடிப்பதற்குள் விரல் நுனிவரை மரத்துப்போகிறது. மரத்த கையில் கத்தி பிடிக்கக் கூடாது. இப்போது காலையில் கடையைத் திறப்பதும் ராத்திரி பூட்டுவதும்தான் என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவன் நான்தான். அஞ்சல் வழியில் பி.ஏ.வும் முடித்தேன். முடித்த பிறகும் ஏன் கத்தியைப் பிடித்தாய் என்று கேட்காதவர்கள் திண்டுக்கல்லில் குறைவு. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே அது வேண்டாம்.

முதலில் நேரான பதில். நீங்கள் எல்லாரும் பாதி பிளேடு செருகுகிற கத்தியில் பழகுகிறீர்கள். நோய் பயம் வந்த பிறகு அதுதான் சரி. நாங்கள் பழகியது கல்லில் தீட்டி, தோல் வாரில் இழுத்து எடுக்கிற கத்தி. அதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று இரண்டு பக்கமும் உள்ளே குடைந்த மெல்லிய கத்தி. முகத்தில் ஓடும்போது மெல்லிதாகப் பாடும். பூனை மயிர் மாதிரி இருக்கிற முகத்துக்கு அதைவிடச் சுகம் கிடையாது. மற்றது முதுகு தடித்து, அகலமாக, ஆப்பு மாதிரி இருக்கிற கத்தி. அது பாடாது. முரட்டு மயிர்மேல் மெல்லிசை ஓட்டினால் அதன் வெட்டுவாய் வளையும், துள்ளும், துள்ளிய இடத்தில் தோலை எடுக்கும். தடிமனான கத்தி தன் கனத்திலேயே இறங்கும். கை அமுக்க வேண்டியதில்லை. கையை அமுக்குகிறவனுக்குத்தான் ரத்தம் வரும்.

கத்தியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி முகத்தைப் பற்றி.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டில் தடித்த கத்தி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அப்பா காலத்துக் கத்தி, கறுத்த கொம்புப் பிடி, தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரியும். பிறகு வாங்கியவை எல்லாம் மெல்லியவை. கடையில் அந்தத் தடித்த கத்தியை எடுக்க மாட்டோம். அது கேதக் கத்தி. எங்கள் பக்கம் சாவு வீட்டைக் கேத வீடு என்போம். இறந்தவரைக் குளிப்பாட்டுவதற்கு முன் முகம் வழிப்பது நம் வேலை. செத்த தோல் இழுத்தால் வராது, மயிர் விறைத்து நிற்கும். அதற்குக் கனமான கத்திதான் ஆகும். அப்படிப் போகப்போக அது கேதத்துக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. அதே மாதிரி கல்யாணத்துக்கு முதல் நாள் பந்தலில் வைத்துச் செய்கிற மாப்பிள்ளைச் சவரத்துக்கு ஒரு கத்தி. மெல்லியது, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்போம். ஒன்றின் வேலைக்கு மற்றது போகாது. ஒரே பெட்டியில் இரண்டையும் வைக்கவும் மாட்டோம். இது எவரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் என் அண்ணனுக்கு அது சட்டத்துக்கு மேல்.

இந்த நிலையில்தான் இருதயராஜுக்குக் கல்யாணம் வந்தது.

இருதயராஜ் பூட்டுப் பட்டறையில் வேலை செய்தவர். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. இரண்டு தங்கைகளையும் கட்டிக்கொடுக்கிற வரைக்கும் முகத்தில் கத்தி வைப்பதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வருஷக்கணக்காகத் தாடி வளர்த்தவர். சும்மா வளர்ந்தாலே அது முள்ளுக்காடு. அதில் பட்டறையின் இரும்புத் தூள் வேறு. பூட்டுக்கு அரம் போடுகிறவன் தாடியில் அரத்தூள் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கோடு வேர்வரை இறங்கிவிடும். சாயங்காலம் வேலை முடிந்ததும் பட்டறையிலேயே ஒரு காந்தத்தை எடுத்துத் தாடியில் சீவிக்கொள்வார். அப்படியும் அடியில் மிச்சம் இருக்கும். கடைக்கு முடி வெட்ட வரும்போது என் சீப்பில் கறுப்பாகக் கொட்டும்.

கடைசித் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் முடிந்தது. இவருக்கு வைகாசியில் நாள் குறித்தார்கள். நேர்ச்சை முடிந்தும், மாப்பிள்ளைச் சவரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று தாடியை விட்டுவைத்திருந்தார். சாணார்பட்டிப் பக்கத்துப் பெண். இதற்கு முன்னால் இவருக்கு ஒரு இடம் அமைந்து, கோயிலில் சாமியார் கல்யாண அறிவிப்பு ஓலைகூட வாசித்து, அதற்குப் பிறகு நின்று போயிருந்தது. நிச்சயத்தன்று தாம்பாளம் கைதவறி விழுந்ததாம். அதைச் சகுனம் என்று பெண் வீட்டார் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே இந்தத் தடவை வீட்டில் எல்லாருக்கும் பயம். மாப்பிள்ளைச் சவரத்தில் ரத்தம் கண்டால் எங்கள் ஊர்களில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதுவும் பெண் வீட்டார் முன்னிலையில்.

இதில் இன்னொன்றும் இருந்தது. இருதயராஜின் அப்பா முந்தின வருஷம்தான் காலமானார். அவருக்கு முகம் வழித்தவன் நான். அந்தக் கேதக் கத்தியால்தான். அப்பாவின் தாடையைத் தன் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இருதயராஜ்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் நான் பெட்டியை அடுக்கினேன். இரண்டு கத்திகளையும் கொதிநீரில் போட்டு எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, அருகருகே வைத்தேன். அண்ணன் பார்த்துவிட்டார்.

“ஏலே, அதை எங்க கொண்டு போறே?”

“அவர் தாடியைப் பாத்தீங்கல்லண்ணே. மெல்லிசு தாங்குமா?”

“தாங்கும், தாங்கலைங்கிறது வேற. அவுங்கப்பனுக்குப் போட்ட கத்தியைக் கொண்டுபோயி அவன் கழுத்துல வைப்பியா? கல்யாண வீட்டுல செருப்படி வாங்குறதுக்கா பி.ஏ. படிச்சே?”

“மெல்லிசுல எடுத்து ரத்தம் வந்துச்சுன்னா?”

அண்ணன் கத்தியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “முடியலைன்னா மட்டும் எடு. சுடுதுண்டை மூஞ்சியில போட்டு ஊற வச்சுட்டு, கைக்குள்ள மறைச்சு வழிச்சுரு. கண்ணை மூடிக் கிடக்கிறவனுக்கு எந்தக் கத்தின்னு தெரியவா போகுது? வாயைத் திறந்து மட்டும் சொல்லிராத.”

இரண்டு கத்தியையும் ஒரே பெட்டியில் வைத்து மூடினேன். பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

வெயில் இறங்காத நேரம். வீட்டு முன்னால் பந்தல், ஒலிபெருக்கியில் பாட்டு, அடுப்பில் சாம்பார் கொதிக்கிற வாசனை. நடுவில் ஒரு முக்காலி. இருதயராஜ் தலைக்கு எண்ணெய் வைத்து, புது வேட்டியில் வந்து உட்கார்ந்தார். அவருடைய தாய்மாமன் சந்தியாகுதான் முன்னால் நின்று நடத்துகிறவர். எதிரே மடக்கு நாற்காலியில் பெண்ணின் சித்தப்பா. சீர் கொண்டுவந்தவர், முடிந்ததும் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்கிறவரும் அவர்தான். இருதயராஜின் அம்மா மரியம்மாளைக் காணோம். தாலி இழந்த பிறகு இந்த மாதிரி இடத்துக்கு முன்னால் வருவதில்லை. கோயிலில் எத்தனை பிரசங்கம் வைத்தாலும் எங்கள் ஊரில் போகாத வழக்கம் அது. உள்ளே நிலைக்கதவுக்குப் பின்னால் ஒரு சேலை முனை தெரிந்தது.

“தம்பி, மூணு தடவ காந்தம் ஓட்டிட்டேன். கடைசியில ஒரு சாவியே வந்துருச்சு” என்றார் இருதயராஜ்.

“பூட்டும் உள்ளதான் கெடக்கும். அதையும் எடுத்துருவோம்ண்ணே.”

சந்தியாகு வெள்ளிக் காசைப் பாலில் தொட்டு இரண்டு கன்னத்திலும் வைத்தார். பெண்கள் குலவை போட்டார்கள். நான் கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்தேன். கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. “உள்ள மாப்பிள்ளை இருக்காரா, இல்ல வெறும் தாடிதானா, பாத்துச் சொல்லுங்கப்பா” என்று ஒரு அத்தை கேட்க, பந்தல் முழுக்கச் சிரிப்பு. அதுவரை நல்லபடியாகத்தான் போயிற்று.

சீயக்காய் போட்டுக் கழுவி, சோப்பு நுரை குழைத்து, மஞ்சள் துணியை அவிழ்த்து மெல்லிய கத்தியை எடுத்தேன். காதோரத்தில் வைத்து இறக்கினேன். பாடிக்கொண்டே வந்தது, நடுவில் துள்ளியது. மறுபடி வைத்தேன். கன்னத்து எலும்புக்குக் கீழே வரும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். கையை அப்படியே நிறுத்தினேன். கத்தியை எடுத்து நுரையைத் துடைத்து, அதன் வாயைக் கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாக இழுத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் நகம் தடுக்கியது. அரத்தூள் ஒன்று பட்டு வாய் அந்த இடத்தில் உடைந்திருந்தது, பல் விழுவது என்போம். பல் போன கத்தி முகத்தில் ஓடினால் மண்வெட்டி மாதிரிதான் கீறிக்கொண்டு போகும்.

இந்த இடத்தைக் கவனியுங்கள் தம்பிகளா. பாதியில் கத்தியை எடுக்கிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். அதற்குப் பயந்துதான் நம் ஆட்கள் நிறையப் பேர் பல் போன கத்தியையே ஓட்டிவிடுகிறார்கள்.

“என்னப்பா நிறுத்திட்டே? பந்தி நிக்குது” என்றார் சந்தியாகு.

“கத்தியில பல்லு விழுந்துருச்சுங்கய்யா. மாத்துறேன்.”

“பட்டம் வாங்குன கை, நல்ல கத்தி ஒண்ணு வாங்க மறந்துருச்சு போல.”

மறுபடி சிரிப்பு. சிரிக்கட்டும் என்று விட்டேன். பாதி பிளேடு செருகுகிற கத்தி பெட்டியில் இருந்தது. புது பிளேடாகவே போட்டு எடுத்தேன். இரண்டு இழுப்புக்குள் நுரையும் மயிரும் சேர்ந்து பிளேடின் இடுக்கில் அடைத்துக்கொண்டது. கழுவிவிட்டு வைத்தால், பிளேடு வளைந்து மயிரை வெட்டாமல் பிடித்து இழுத்தது. இருதயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணோரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. வழித்த இடம் குங்குமம் அப்பியது மாதிரி சிவந்துபோயிற்று.

பெண்ணின் சித்தப்பா நாற்காலியில் இருந்து முன்னால் சாய்ந்தார். “ரத்தமா அது?”

“இல்லைங்கய்யா. சிவந்திருக்கு, அம்புட்டுதான்.”

அவர் பின்னால் சாயவில்லை. யாரோ போய் ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். குலவை போட்ட பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு இழுப்பு, ஒரு பொட்டு ரத்தம். இவருக்கு அமைந்த இரண்டாவது இடமும் முறிந்துபோகும்.

சுடுதுண்டைப் பிழிந்து இருதயராஜின் முகத்தில் போட்டேன். “செத்த நேரம் ஊறட்டும்” என்றேன். துண்டுக்கு அடியில் அவர் கண்ணை மூடியிருந்தார். அண்ணன் சொன்ன ஏற்பாடு அப்படியே அமைந்திருந்தது. பெட்டிக்குள் கையை விட்டு, உடம்பால் மறைத்து, கறுத்த பிடியை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். தொண்டையில் வழிக்கும்போது இவர் கண்ணைத் திறந்தால்? திறந்து, தன் அப்பாவின் முகத்தில் ஓடிய கத்தி தன் குரல்வளையில் நிற்பதைப் பார்த்தால்? ஒரு திடுக்கிடல் போதும். அது வெறும் சகுனத்தோடு முடியாது. இன்னொன்று, மறைத்து எடுக்கிற கை அவசரப்படும். மறைக்கிறவனுக்குச் சீக்கிரம் முடிக்க வேண்டும், முரட்டுத் தாடிக்கோ மெதுவாகப் போக வேண்டும். இரண்டும் ஒரு கையில் நடக்காது. கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது கனத்தைப் பாருங்கள், பதத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகு, இந்தக் கத்தி எது என்று உட்கார்ந்திருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். சொல்ல முடியவில்லையென்றால் அது எவ்வளவு நல்ல கத்தியானாலும் அந்த முகத்துக்கு ஆகாது.

துண்டை ஒதுக்கி, காதருகே குனிந்தேன்.

“அண்ணே, மெல்லிசுல முடியலை, பிளேடும் இழுக்குது. எங்கிட்ட ஒரு தடிச்ச கத்தி இருக்கு. அதுல எடுத்தா சுத்தமா வந்துரும். ஆனா அது எதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

அவர் கண்ணைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார். பார்த்ததும் தெரிந்துகொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அவர் கை தன் தாடைக்குப் போயிற்று. நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

“அப்பாவுக்கு எடுத்தப்ப எங்கயாச்சும் பட்டுச்சா?” என்று கேட்டார்.

“நீங்கதானே தாடையப் புடிச்சிருந்தீங்க. ஒரு கீறல் இல்லண்ணே.”

“எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அம்மா பாத்தா என்ன நினைக்கும்னு தெரியலை. அம்மாவைக் கூப்புடு.”

சந்தியாகு காதில் இது விழுந்துவிட்டது. “அக்கா எதுக்கு இங்க? என்ன கத்தி? என்னப்பா நடக்குது?”

மறைக்கிற கட்டம் தாண்டியாகிவிட்டது. சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் பந்தல் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. சந்தியாகுவுக்கு முகம் கறுத்துப்போயிற்று.

“கேதக் கத்தியைக் கல்யாணப் பந்தலுக்குக் கொண்டு வந்திருக்கியா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா? எடுத்துக்கிட்டு வெளிய போடா மொதல்ல!”

பெட்டியை மூடக் கையை வைத்தேன். அப்போதுதான் நிலைக்கதவுப் பக்கம் இருந்து குரல் வந்தது.

“ஏலே சந்தியாகு, அவனை ஏன் வையிறே?”

மரியம்மாள் வாசற்படி இறங்கி வந்தார். வெள்ளைச் சேலை, கையில் ஒன்றும் இல்லை. வழியில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். சந்தியாகு பதறிக்கொண்டு எதிரே போனார்.

“அக்கா, நீ உள்ள போ. ஆளுக பாக்குறாக.”

“பாக்கட்டும். நானும்தான் எம்புட்டு நேரமா கதவுக்குப் பின்னாடி நின்னு பாக்குறேன், பெத்த புள்ளையைத் தோல உரிக்கிறதை.” என் பக்கம் திரும்பினார். “அந்தக் கத்தியாப்பா?”

எடுத்துக் காட்டினேன். தொடவில்லை, குனிந்து பார்த்தார். “இதுதான். பிடி கறுப்பா இருக்கும்” என்றார், தனக்குத்தானே சொல்கிற மாதிரி.

“அக்கா, சாவு வீட்டுக் கத்திக்கா.”

“அவரு சாகுறப்ப அந்தக் கத்தி எங்கலே இருந்துச்சு? இவன் பெட்டியில இருந்துச்சு. பக்கத்துல இருந்தவ நான். அப்ப நாளைக்கு எம்மகன் தாலி கட்டுறப்ப நான் எங்க நிக்கணும்? தொழுவத்துலயா?”

“அப்படி யாரு சொன்னா? ஊரு ஒரு பேச்சுப் பேசும்ல?”

“ஊரா வந்து இவனுக்குச் சவரம் பண்ணுது? நீ தள்ளு அங்கிட்டு.” பிறகு என்னிடம், “வெந்நி ஆறிப்போச்சே தம்பி. இதை வச்சுக்கிட்டா வழிப்பே?” என்றார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ஆவி பறக்கப் புது வெந்நீர் கொண்டுவந்து முக்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். சந்தியாகு பெண்ணின் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

வாரில் நிதானமாக இழுத்து, நகத்தில் பதம் பார்த்து, கத்தியை வைத்தேன். மயிர் போகிற போக்கிலேயே இறக்கினேன். சத்தம் இல்லை. துள்ளவில்லை. கத்தி தன் கனத்தில் தானாக இறங்கி வர, பின்னால் வழுவழு என்று தோல் வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் துடைத்து, மரியம்மாள் நீட்டிய வெந்நீரில் அலசினேன். தண்ணீருக்கடியில் கறுப்பாகத் தூள் படிந்துகொண்டே வந்தது. அவசரப்படவில்லை. பந்தி காத்திருக்கட்டும் என்று மனதில் சொல்லிக்கொண்டேன். காலையில் இருந்து கடையில் நின்ற கால், தோளில் அப்போதே ஒரு இழுப்பு. ஒரு முகத்துக்கு நான் அவ்வளவு நேரம் எடுத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இடது தாடையில் மயிர் சுழி போட்டிருந்தது. அங்கே கத்தியை வைப்பதற்கு முன் வழக்கம்போல இடதுகைக் கட்டைவிரலால் தடவினேன். விரலுக்கு அடியில் ஏதோ தடித்து நின்றது. அரிசி மணியைவிடப் பெரிதாக, நீளவாக்கில், ஒரு மேடு. பழைய தழும்பு. தாடிக்குள் இருந்ததால் வெளியே யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது. தழும்பின்மேல் தோல் காகிதம் மாதிரி இருக்கும், லேசாகப் பட்டாலே கொட்டும். மெல்லிய கத்தி துள்ளிக்கொண்டு வந்திருந்தால் நேராக அதைத்தான் சீவியிருக்கும்.

“வாயை ஒரு பக்கமா இழுத்துக்குங்கண்ணே” என்றேன். தழும்பைச் சுற்றி இரண்டு பக்கத்தில் இருந்தும் வந்து, அதன்மேல் கத்தியைப் படுக்கப் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். தொண்டைக்கு இறங்கும்போது இருதயராஜ் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். கத்தியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அசையவில்லை.

படிகாரம் தேய்த்து, துண்டால் ஒற்றி, தள்ளி நின்றேன். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. தாடிக்குள் இவ்வளவு காலம் வெயில் படாத கன்னம் வெளுத்துப்போய், வேறொரு ஆள் மாதிரி இருந்தார். யாருக்கும் உடனே குலவை போடத் தோன்றவில்லை.

மரியம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மகன் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். தாடைத் தழும்பில் விரலை வைத்தார்.

“இது எப்பலே பட்டுச்சு?”

“அது பழசும்மா. பட்டறையில சூடா ஒரு துண்டு தெறிச்சுச்சு.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“தாடி மூடிக்கிச்சு. எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்.”

அவர் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. “அம்புட்டும் மூடி வச்சிருந்திருக்கான், கள்ளப்பய” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்த அத்தை ஆரம்பிக்க, குலவை எழுந்தது.

குலவை அடங்குவதற்குள் பெண்ணின் சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். யாரையும் பார்க்காமல் பந்தலைத் தாண்டி நடந்தார். சந்தியாகு தோளில் கிடந்த துண்டு விழுந்ததுகூடத் தெரியாமல் பின்னாலேயே ஓடினார். “சம்பந்தி, சம்பந்தி, ஒரு நிமிசம். படிச்ச பய, வெவரம் இல்லாம கொண்டாந்துட்டான். நீங்க மனசுல வச்சுக்காதீங்க.”

இருதயராஜ் முக்காலியில் இருந்து எழுந்து நின்றார். மழித்த கன்னத்தில் நரம்பு ஓடுவது இப்போது எல்லாருக்கும் தெரிந்தது. ஒளித்துக்கொள்ளத் தாடி இல்லை.

சித்தப்பா தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போனார். செம்பை முக்கி எடுத்து முகத்தில் ஊற்றிக்கொண்டார். தாடையை இரண்டு கையாலும் கரகர என்று தேய்த்தார். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, மாப்பிள்ளை எழுந்த முக்காலியிலேயே உட்கார்ந்தார்.

“எனக்கும் இதே தாடிதான்ப்பா. எங்க ஊர்ல வாரா வாரம் ரத்தத்தைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். அந்தக் கத்தியில எனக்கும் ஒரு இழுப்பு இழுத்து விடு.”

“சம்பந்தி, அது கேதக் கத்தி” என்றார் சந்தியாகு, மூச்சு வாங்க.

“கேட்டுக்கிட்டுத்தானய்யா இருந்தேன். நாளைக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வாரப்ப நானும் ஒரு மூஞ்சியோட வரணுமா வேணாமா?”

என் தோள் அதற்குள் முழுசாக இறங்கிவிட்டிருந்தது. ஒரு வாய் காப்பித் தண்ணிகூடக் குடித்திருக்கவில்லை. வேறு யாராவது எடுத்தால் தேவலை என்றிருந்தது, ஆனால் அங்கே வேறு யாரும் இல்லை. கத்தியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, வாரை இழுத்துக் கட்டினேன். கட்டைவிரலை அவர் தாடையில் வைத்துச் சுழி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். மரியம்மாள் யாரும் கூப்பிடாமலே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெந்நீர் மாற்றப் போனார்.